ஆறாம் இலக்கம்

கலியாணத்தன்று மருதமுனையிலிருந்து
இந்த வீட்டுக்கு அவர் கொண்டுவந்தது
ஒரு சூட்கேஸ், ஒரு மேசை மின்விசிறி,
முதுகில் ஆறு எழுதிய பச்சை ஜேர்சி.

வீடு உம்மா என் பெயருக்கு எழுதியது.
மின்விசிறி இரண்டாம் வருஷம் போய்விட்டது.
ஜேர்சிக்குப் பதினொரு வருஷம்.
கழுத்து நைந்து, கக்கத்தில் தையல் விட்டு,
ஆறின் வால் உரிந்து உரிந்து
இப்போது பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஒலுவில் ஐஸ் பெக்டரியில் வேலை.
மோட்டார் சைக்கிள் கேட்கும்போது பத்தரை,
பள்ளியில் இஷா முடிந்து கன நேரம்.
குளித்துவிட்டு அதைத்தான் போடுவார்,
அதோடுதான் தொழுவார்.
நான் பின்னால் நிற்பேன்.
பார்வை சுஜூது செய்யும் இடத்தில் இருக்கவேண்டும்.
இருக்கும்.
பிறகு மெல்ல ஏறும்:
பாய், குதிகால், சாரன், ஆறு.

“தொழுகையில கண்ண இழுக்கிற உடுப்புக் கூடாது”
என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.
“நான் முன்னுக்கு நிக்கிறன்,
எனக்குத் தெரியிறல்லையே” என்றார்.

இந்த முறை இறுதிப் போட்டி
நிந்தவூருக்கும் மருதமுனைக்கும்.
எங்கள் மைதானம். எங்கள் கம்பத்தில்
என் தம்பி அஸ்ஹம், கையுறை போட்டு.

பெண்கள் பக்கத்து வீட்டு மேல்தட்டில்.
அங்கிருந்து பார்த்தால் தெரிகிறது,
என் காக்காமார் இரண்டு பேருக்கும் நடுவில்
எங்கள் ஊர்ப் பக்கத்தில் அவர்.
மாப்பிள்ளை எடுத்த ஊர்ப் பக்கம்தான்
மாப்பிள்ளை இருக்கவேண்டும் என்று
சட்டம் ஒன்றும் இல்லை.
மற்றப் பக்கம் போய் இருந்தவரும் இல்லை.

அஸர் தொழுது நான் கேட்டிருந்தேன், வெட்கமில்லாமல்:
தம்பி ஒன்றும் விடக்கூடாது.
ஜும்ஆவில் அவர் என்ன கேட்டாரோ.
வயற்காரர் மழை கேட்பார்,
கரைவலைக்காரர் வெயில் கேட்பார்,
நிற்பது ஒரே வரிசை,
இருவருக்கும் ஆமீன் ஒன்றுதான்.

முடிய ஏழு நிமிஷம் இருக்க
பந்து அஸ்ஹமின் விரலில் பட்டு உள்ளே போனது.

எங்கள் பக்கம் முழுக்கத் தலையில் கைவைத்தது.
அவர் மட்டும் குனிந்தார்,
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல.
ரப்பர் செருப்பில் அவ்வளவு நேரம்
சரிசெய்ய என்ன இருக்கிறது?
தோள் இரண்டும் குலுங்கின.
சிரிப்பா, அழுகையா,
மேல்தட்டிலிருந்து தெரியவில்லை.
எனக்குக் கோபம் வந்தது.
கொஞ்ச நேரத்தில்,
ஏனென்று தெரியாமல், எனக்கும் சிரிப்பு.

இரவு அஸ்ஹம் எங்கள் வீட்டில் சாப்பிட்டான்.
சாப்பிட்டான் என்று சொல்லமுடியாது,
சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.
அவர் சூடை மீனில் முள் எடுத்து எடுத்து
அவன் பீங்கான் ஓரத்தில் வைத்தார்.
“அந்தப் பந்து ஆருக்கும் புடிபடாது” என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைய இஷாவுக்கு
வெள்ளைச் சேட் போட்டு வந்தார்,
கலியாண வீடுகளுக்குப் போடுவது,
மடிப்புக்கூடக் கலையாதது.

அல்லாஹு அக்பர்.
பாய், குதிகால், சாரன்.
அதற்குமேல் வெறும் வெள்ளை.
பிடிக்க ஒன்றுமில்லாமல் கண்
தோளைத் தாண்டிச் சுவருக்குப் போனது,
கலண்டருக்கு, பல்லிக்கு,
நாளைக்கு ஊறப்போடவேண்டிய உளுந்துக்கு.
ஒரு தொழுகையில் இவ்வளவு தூரம்
நான் போனதே இல்லை.

ஸலாம் கொடுத்ததும் கேட்டேன்:
“ஜேர்சி எங்க?”
“ஊறப் போட்டிருக்கன்.”

வாளியில் தண்ணீர் மட்டும் இருந்தது.

அலுமாரியில், என் பட்டுச் சாரிகளுக்கு அடியில்,
களவுபோன பொருளைப்போல மடித்து வைத்திருந்தார்.
எடுத்துக் கக்கத்தைத் தைத்தேன்.
ஆறின் வாலைத் தொடவில்லை,
அது அவர்கள் ஊர் வேலை.
தொப்பி மாட்டும் ஆணியில்
தொப்பிக்கு மேலால் கொழுவினேன்.

கன்னத்தில் எங்கள் ஊர் நிறம் கழுவாமல்
படுத்திருந்த மகன் தலையைத் தூக்கினான்:
“உம்மா, நாம எந்தப் பக்கம்?”

லைட்டை நிறுத்திவிட்டு,
“அங்கால தள்ளிப் படு” என்றேன்.