இஞ்ச கட்ட ஏலாது

களுவாஞ்சிக்குடித் தபால் கந்தோரில்
இரண்டாம் யன்னல் என்னுடையது.
தெருக் குற்றத்துக்குத் தண்டக் காசு வாங்குகிறேன்.

ஹெல்மெட்டைக் கைப்பிடியில் கொழுவிக்கொண்டு போனவர்,
ஓந்தாச்சிமடத்து வளைவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டியவர்,
ஒரே மோட்டார்சைக்கிளில் மூன்று பிள்ளைகளை
டியூசனுக்கு ஏற்றிப் போனவர்,
எல்லோரும் வியர்வையில் நனைந்த தாளோடு வருவார்கள்.
பொலிசை ஏசுவார்கள். மிச்சக் காசை இரண்டு தரம் எண்ணுவார்கள்.
நான் சீல் குத்துவேன். டக்.
அதோடு சரி.
கலியாணம் பேச வருபவர்கூட அதை விசாரிக்கமாட்டார்.

நேற்று பேரின்பராசா வந்தார்.
பழுகாமத்தில் லேன்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்.
பின் லைட் இல்லாமல் ஓடியதற்கு
போன மாசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று
இதே யன்னலில் கட்டியவர்.
"எழுதுங்க தங்கச்சி" என்று நீட்டினார்.
நீட்டியது வேறு தாள்.

அதே லேன்ட்மாஸ்டர்.
அதே இல்லாத லைட்.
படுவான்கரையில் இருந்து பட்டிருப்புப் பாலத்தால்
அதே பன்னிரண்டு மூட்டை நெல்.
இந்தமுறை பின்னால் ஒரு பொடியன் வந்திருக்கிறான்,
மழைத் தூறலில், எருவிலுக்கு.
தாளில் அவன் பெயருக்கு முன்னால்
'காலஞ்சென்ற' என்று இருந்தது.

"இது கோட்டுக்குப் போறது அண்ணே, இஞ்ச கட்ட ஏலாது."
"இரட்டிப்பாக் கட்டுறன்."
"ஏலாது."
"பதின்னாலு நாள் இன்னும் முடியல்லியே."

எங்கள் பேச்சில் நீதிமன்றமும் கோடு,
தார் ரோட்டின் நடுவே கிடப்பதும் கோடு.
சட்டத்துக்குள்ளே இன்னொன்று ஓடுகிறது.
இந்தப் பக்கம் என் சீல்,
அந்தப் பக்கம் கூண்டு.
அதைத் தெருவில் எவரும் கீறி வைக்கவில்லை.
மூன்று முறையும் அவர் ஓட்டியது ஒரே மாதிரித்தான்.

காசை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.
போகவில்லை.
"அப்ப முந்தி ரெண்டு தரம் கட்டினனே,
அது என்னத்துக்கு?"

அந்த இரண்டு அடிக்கட்டையும்
என் லாச்சிக்குள் கிடக்கின்றன.
மைகூட மங்கவில்லை.
பின்னால் நின்றவர் அவர் தோளுக்கு மேலால்
ஹெல்மெட் தாளை நீட்டினார்.
டக்.

என் ஸ்கூட்டிக்கும் ஆறு நாளாகப் பின் லைட் இல்லை.
கல்லாற்றுக்குத் திரும்பும் வழியில்
பாட்ஸ் கடையில் நிறுத்தி பல்ப் விலை கேட்டேன்.
முந்நூற்றைம்பது என்றார்.
நான் பேசாமல் நின்றதைப் பார்த்து
"எந்த வண்டிக்கு?" என்றார்.