இடக்காது, நாலாயிரம்

கண்ணாடிக்கு அப்பால், பரிசோதனைக் கூண்டுக்குள்
சார்ஜென்ட் உக்கோலா.
தலையில் ஹெட்போன், கையில் பொத்தான்,
பூட்ஸ் ஓரத்தில் இன்னும் உருகாத பனி.
ரோவயார்வி சுடுதளத்திலிருந்து நேரே வந்திருக்கிறார்.
பதினாறு குளிர்காலமாகப்
பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்பவர்.

பீப் கேட்டால் அழுத்துங்கள் என்றேன்.
தெரியும் என்றார்.

ஐந்நூறு ஹெர்ட்ஸ். அழுத்தினார்.
ஆயிரம். அழுத்தினார்.
இரண்டாயிரத்தில் கொஞ்சம் தயங்கினார்.
மூவாயிரம், நாலாயிரம், ஆறாயிரம்
சொல்லிவைத்தாற்போல் அழுத்தினார்.

போன வருடத் தாளில் இந்த இடத்தில்
ஒரு பள்ளம் இருந்தது,
யாரோ மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டியது போல.
காதுக்குள் விழுந்த பள்ளம் தூர்ந்து
நான் பார்த்ததில்லை,
இந்த முகாமில் பன்னிரண்டு வருடத்தில்.

அப்புறம்தான் கவனித்தேன்.
அவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை,
பார்த்துக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு பீப்புக்கும் என் வலத்தோள்
ஒரு நூல் அசைகிறது.

ஒலியை அணைத்தேன்.
தோளை மட்டும் அசைத்தேன்.
அழுத்தினார்.
மறுபடி அசைத்தேன்.
அழுத்தினார்.
மூன்றாம் முறை
எனக்கே வெட்கமாக இருந்தது.

கனத்த கதவை இழுத்துத் திறந்தேன்.
நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்,
அந்தச் சின்ன அறைக்குத் தேவையில்லாத சத்தத்தில்:
"மேசை வேலைக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."
கொஞ்ச நேரம் கையுறையின் தையலை நெருடினார்.
"என் மகள் பேரு ஸீரி.
வீட்டுல யார் கூப்பிட்டாலும்
ஈரி, ஈரின்னுதான் விழுது.
முதல்ல அவளைக் கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன்."

மெய் கழன்றுபோய்
உயிர் மட்டும் வந்து சேர்கிறது அவருக்கு.

நாற்காலியைச் சுவர் பார்க்கத் திருப்பிப் போட்டேன்.
முதலிலிருந்து என்றேன்.
நரைத்த பிடரி, மடிந்த காலர்.
நாலாயிரத்தில் முப்பது வைத்தேன். நாற்பது.
ஐம்பது. விளக்கு எரியவில்லை.
அறுபதில்,
இல்லாத ஒன்றைத் தேடுபவர்போல்
தலையை லேசாகச் சாய்த்தார்.
அறுபத்தைந்தில் எரிந்தது.

அப்படியே எழுதினேன்.
கையெழுத்தின் கடைசிச் சுழி கோணிவிட்டது.
அவர் தாளைப் பார்க்கவில்லை,
தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நடையில் புது ஆட்கள் வரிசையாக.
பத்தொன்பது வயது,
கழுத்தில் ஆரஞ்சு நிறக் காதடைப்பான்கள்
அணிகலன் மாதிரித் தொங்குகின்றன.
முதல் பையன் கூண்டை எட்டிப் பார்த்தான்.
"வலிக்குமா?"

இல்லை என்றேன்.
துளிகூட வலிக்காது.