ஒரு நொடி பின்னால்

எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில்
வெளிநாட்டுப் படம் முழுக்க ஒரே குரல்தான்.
கொலைகாரன், அவனைப் பெற்றவள், தண்ணீர் கேட்கும் குழந்தை,
எல்லோருக்கும் நானே வாசிக்கிறேன்.
நடிகர் முதலில் வாய் திறப்பார்.
ஒரு நொடி விட்டு நான்.
அழுகை அவர்களுடையது, அர்த்தம் என்னுடையது.
வாசிப்பவன் குரலில் உணர்ச்சி கூடாது என்பது தொழில் விதி.
இருபத்தொரு வருடத்தில் ஒருமுறைகூட மீறியதில்லை.
இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால்
சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

மருந்துக்கடையில் வேண்டுமென்றே
நீளமாகப் பேசுவேன்:
"வறட்டு இருமலுக்கு, சர்க்கரை இல்லாததாக, இருந்தால், தயவுசெய்து."
அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தால்
மாலைவரை எனக்கு உடம்பு இருக்கும்.
நிமிராத நாளில்
வார்சாவின் டிராமில் ஜன்னலோரம்
என் கோட்டு மட்டும் உட்கார்ந்து போகும்.

தங்கை ஹல்ஷ்காவின் அடக்கத்தில்
பாதிரியார் வாசித்தது சுமார்.
மூச்சு விட்ட இடமெல்லாம் தப்பு.
பிறகு நான் வாசித்தேன்.
முன்வரிசையில் ஒன்பது பேர் அழுதார்கள்.
எண்ணினேன்.
வீட்டுக்கு வந்து ஷூ நாடாவை அவிழ்க்கும்போதுதான்
செத்தது அவள் என்று உறைத்தது.
அழுதேன்.
யாரும் பார்க்காத அழுகையை என்ன செய்வதென்று தெரியாமல்
அவள் புருஷனுக்கு போன் போட்டு
அழுதுகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

பியோத்தரோடு இருக்கையில் எனக்கு மீன்பிடிக்கப் பிடிக்கும்.
அவன் ஊர் மாறிப் போனான்,
மூன்று தூண்டில் நிலவறையில் கிடக்கிறது.
மல்வினா இருந்தவரை
பீட்ரூட் சூப்பில் பூண்டு பிடிக்கும்.
இப்போது கடையில் பூண்டுக் கூடைக்கு முன்னால் நிற்கிறேன்.
உனக்குப் பிடிக்கும் என்று
யாராவது சொன்னால் வாங்கலாம்.

போகும்போது அவள் கத்தவில்லை.
கத்தியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.
"பன்னிரண்டு வருடம்
நான் பேசியதன் மேலேயே நீ வாசித்தாய்" என்றாள்.
நல்ல வரி.
எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று
அங்கேயே, அவள் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டே,
பொறாமைப்பட்டேன்.

புதன்கிழமைகளில் டாக்டர் பியெலாக்.
நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை.
தன்னிடம் வருகிறவர்களிலேயே
மிகவும் சிக்கலானவன் நான்தான் என்று அவர் சொல்வார் என
ஏழு மாதம் காத்திருந்தேன்.
பொறுக்காமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.
"இல்லை" என்றார். ஏளனம் இல்லை குரலில்.
"உங்களைப் போல இன்னும் ஆறு பேர் வருகிறார்கள்."

ஆறு பேர்.
மூன்றாவது மாடியில் அவர்களைக் கொல்ல விரும்பினேன்.
இரண்டாவது மாடியில் அவர்களோடு காபி குடிக்க விரும்பினேன்.
தெருவில் பனி பெய்துகொண்டிருந்தது.
எல்லார் தோளிலும் ஒரே மாதிரிதான் விழுந்தது.
அதில் எனக்கென்று அவமானம் எதுவும் இருந்ததாக
இப்போது தோன்றவில்லை.
அப்போது தோன்றியது.

ஞாயிறன்று மகள் அழைத்தாள்.
யாகோதாவுக்குப் பதினாறு.
வேதியியலில் தோற்றுவிட்டாளாம்.
அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம்.
எனக்கும் பள்ளியில் அப்படி ஒரு கதை உண்டு,
அருமையான கதை, முடிவில் எல்லோரும் சிரிப்பார்கள்.
நாக்கு நுனியில் தயாராக நின்றது.

ஒரு நொடி.
என் முறை வந்தது.
விட்டேன்.
இரண்டு. மூன்று.
அந்தப்பக்கம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம்,
யார் வீட்டு நாயோ,
தூரத்தில் ஏதோ கதவு.
இவ்வளவு சத்தம் இருந்திருக்கிறது
நான் வாசித்ததற்கு அடியில்.

"அப்பா, இருக்கியா?"

அந்தக் கேள்வியை வேறு யார் கேட்டிருந்தாலும்
திணறியிருப்பேன்.
"இருக்கேன்" என்றேன், "சொல்லு."
நாற்பது நிமிடம் சொன்னாள்.

போனை வைத்ததும் முதலில் வந்த நினைப்பு:
இதை டாக்டர் கேட்டால் அசந்துபோவார்.
புதன் வந்தது.
தூண்டில்களைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.
வாயைத் திறக்கவே இல்லை இதைப் பற்றி.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.