எந்த வெள்ளை

ஒரு ஃப்ரேம். மாற்றி மாற்றிப் போட நான்கு ஜோடிக் கண்ணாடி.
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
நிஜாமுதீன் கடையில், பேரம் பேசி, எழுநூற்றைம்பது.
டப்பாவில் இருந்த பெயர்கள் வாயில் நிற்கவில்லை.
நானே வைத்தேன்:
கரி, கருப்பட்டி, மாம்பூ, தண்ணி.

நாலரைக்குச் செவ்வாய்ப்பேட்டையில்
பன் தட்டுகளை ஏற்றிக் கிளம்பும்போது தண்ணி.
என் பக்க ஜன்னல் ஏறாது.
பூச்சிக்கும் தூசிக்கும் அது போதும்.

அடிவாரம் தாண்டி
மூங்கில் தூர்களுக்குள் விடியும்போது மாம்பூ.
பனியை அறுத்துக் காட்டும் என்றார் நிஜாமுதீன்.
பொய்.
பனிக்கு ஓர் ஓரம் தைத்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.
எதிரே இறங்கும் லாரி முகம் காட்டுமுன்
அது வரும் இடம் கொஞ்சம் கெட்டியாகும்.
அந்தக் கொஞ்சத்தில்தான்
நான் பிரேக் மிதிக்கிறேன்.

முதல் வாரம் வளைவுக்கு வளைவு மாற்றிப் பார்த்தேன்.
பதினாறில் வெயில்.
பதினேழில் சில்வர் ஓக் நிழல், வரிவரியாக.
பதினெட்டில் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது.
விரல் ஒன்றைக் கழற்றுவதற்குள்
வெளிச்சம் வேறொன்றாகிவிட்டது.
பின்னால் பஸ்காரன் ஹாரனை எடுக்கவே இல்லை.
பதற்றத்தில் மாம்பூவில் ஒன்று எங்கோ தெறித்தது.
ஒண்டிக்கடையில் ஆரோக்கியசாமி கூப்பிட்டார்:
"சகாயம் அக்கா, பன்னுக்கு நடுவுல
மஞ்சளா ஒரு கண்ணு கெடக்குது."
சர்க்கரை ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்தேன்.

அதற்குப் பிறகு வழியில் மாற்றுவதில்லை.
ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று.
எது எல்லா வளைவுக்கும் சரி என்று பார்ப்பதில்லை.
எந்த வளைவில் குருடாய் இருந்தால்
பிழைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்.

இறங்கும்போது எப்போதும் கரி.
பத்து மணிக்குச் செட்டிச்சாவடிப் பக்கம்
மேக்னசைட் குவியல் கல்லாக இருக்காது,
வெல்டிங் பட்டறையாக இருக்கும்.

ஆடியில் வலது கண்ணில் புரை என்றார்கள்.
ஆஸ்பத்திரியில் மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப்பாவை,
என் மகள் வயது, பேனாவைத் தட்டிக்கொண்டே கேட்டாள்:
"உள்ள வைக்கிற லென்ஸ் தூரத்துக்கா, கிட்டத்துக்கா?"
"அப்புறம் மாத்திக்கலாமா?"
சிரித்தாள். "போட்டா போட்டதுதாங்க்கா."
நிஜாமுதீனிடமே நான்கு இருந்தது.
தூரம் என்றேன்.
லாரிக்கு முகம் வேண்டும்.
பில்லைக் கடைக்காரர்களே படித்துச் சொல்லட்டும்,
குறைத்துப் படித்தாலும் பத்து இருபதுதான் போகும்.

வண்டி எடுக்கலாம் என்று சொன்ன முதல் நாள்
குவியலுக்கு எதிரே ஓரங்கட்டி
எந்தக் கண்ணாடியும் இல்லாமல் பார்த்தேன்.

வலது கண்ணில்
நீலம் முக்கி உலர்த்திய வேட்டி.
இடது கண்ணில்
அதே வேட்டி, டீ சிந்தித் துவைத்தது.

இத்தனை வருஷம்
உள்ளேயே ஒரு மாம்பூவை மாட்டிக்கொண்டா ஓட்டினேன்?
யாரும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்?
ஜூலி கல்யாணத்துக்குச் சேலை எடுத்த அன்று
இது சந்தன நிறம், வெள்ளை என்று ஏன் பில் போடுகிறாய் என்று
கடைப் பையனோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன்.
பாவம், அவன் விலையில் நூறு குறைத்தான்.

வலதை மூடினேன். இடதை மூடினேன். வலது. இடது.
ஒரே கல், இரண்டு காலை.
சுரங்க வாசலில் காவலுக்கு நின்ற பொன்னுரங்கம்
தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.
"என்னங்க, காலங்காத்தால கண்ணடிக்கறீங்க?"
"ஆமா" என்றேன்.
அதற்குமேல் அவருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.
மீந்த பன் இரண்டைக் கொடுத்தேன்.

இடது கண்ணுக்குத் தையில் தேதி.
தள்ளிப்போட முடியுமா என்று
தமிழ்ப்பாவையிடம் கேட்க வேண்டும்.
காரணம் கேட்டால்
வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.