நாலு பொருத்தம்

சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால்
நாற்பது மீட்டரில் உலகம் திறந்து கிடக்கும்.
கூத்தாநல்லூரில் அந்நேரம் விழித்திருப்பவர்கள்
மோதினார், பால்காரர், நான்.
பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் வந்துவிட்டால்
காதில் வெறும் இரைச்சல்தான்,
அதற்குள் பேசி முடித்தாக வேண்டும்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும்
தென்னைக்கும் நடுவே கம்பி.
துணி காயப்போடவா என்று கேட்ட மாமியாரிடம்
ஆமாம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.
வெண்ணாற்றுப் பக்கம் சம்பா வயலில்
தண்ணீர் நிற்கும் மாதங்களில்
அந்தக் கம்பி தன் பலத்துக்கு மீறி எட்டுகிறது.
ஈரத் தரையில் அலை தூரம் போகுமாம்.
மேட்டூர் திறந்தால் எனக்கும் விளைச்சல்.

அன்றைக்கு அசோர்ஸ் தீவிலிருந்து ஒருவர், மனுவேல்.
என் கால்சைனை அவர் மூன்று முறை கேட்டார்,
அவருடையதை நான் நாலு முறை.
பிறகு ஒருவருக்கொருவர்
"ஐந்து ஒன்பது, மிகத் தெளிவு" என்று
சான்றிதழ் கொடுத்துக்கொண்டோம்.
இந்தப் பொழுதுபோக்கில்
எல்லாரும் மனமறிந்து சொல்லும் பொய் அது.

நோட்டில் எழுதி,
பள்ளிக்கூடம் விட்டு வந்து
இணைய லாக்கில் ஏற்றினேன்.
அங்கே வழக்கம் இது:
பேசினேன் என்று நீ சொன்னால் போதாது.
உன்னைக் கேட்காமல், உன் நோட்டைப் பார்க்காமல்
அவரும் தன் பங்குக்குச் சொல்ல வேண்டும்.
கால்சைன், பேண்டு, மோடு, நேரம்.
நாலும் பொருந்தினால்தான் பேசியது பேசியதாகும்.
பக்கத்து மேசை வேதவல்லி டீச்சர்
மகளுக்குப் பத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
"உனக்கு நாலுதானா" என்றார், பொறாமையாக.

மூன்று வருஷம் மனுவேல் பொருந்தவில்லை.
ஏற்றச் சோம்பல்பட்டிருப்பார் என்று நினைத்தேன்.
என் கடைசி எழுத்தைத் தப்பாகக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.
இரைச்சலுக்குள்ளிருந்து
நானே ஒரு குரலைத் தைத்துக்கொண்டேனோ
என்றுகூட ஒரு நாள்.

குவைத்திலிருந்து இவர் தினம் பேசுகிறார்.
எதற்கும் லாக் கிடையாது.
"போன வெள்ளிக்கிழமை நான் அப்படிச் சொல்லவே இல்லையே"
என்கிறார்.
சொன்னார்.

அரையாண்டுத் தாள் திருத்தும் இரவு.
ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று
கழித்தலில் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிவிட்டு
அங்கே ஒன்றைக் குறைக்க மறந்திருந்தது.
சுழித்தேன்.
சுழித்த கையோடு எழுந்துபோய்
பழைய நோட்டை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணி நாலு நிமிஷம்.
ஐந்தரை மணி நேரம் கழித்தால்
உலக நேரம் இருபத்து மூன்று முப்பத்து நாலு.
அதுவரை சரி.
ஆனால் அங்கே அது இன்னும் திங்கட்கிழமை.
நேரத்தைக் கழித்தவள் நாளைக் குறைக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், கணக்கு டீச்சர்.
அவர் திங்களில் நிற்க,
நான் செவ்வாயில் நின்றுகொண்டு
அவரை வரவில்லை என்று ஏசியிருக்கிறேன்.

தேதியில் ஒரே ஒரு எண்.
மாற்றி ஏற்றிவிட்டு மிச்சத் தாள்களைத் திருத்தினேன்.
காலையில் பார்த்தால் பச்சை.
மனுவேல் பேசிய அன்றிரவே ஏற்றியிருக்கிறார்.
மூன்று வருஷமாக
அவருடைய சொல் அங்கே தனியாகக் கிடந்திருக்கிறது.

நோட்டில் கடைசியாக ஒரு பத்தி உண்டு, குறிப்பு என்று.
அதில் என் கையெழுத்தில், பென்சிலில்:
'இங்கே மழை. அங்கேயும் மழையாம்.
நடுவில் அவர் வீட்டு நாய் குரைத்தது.'
இணையத்தில் இதையெல்லாம் கேட்பாரில்லை.
நாலும் பொருந்திவிட்டன.
நாய் குரைத்ததற்கு மட்டும்
இன்றைக்கும் நான் ஒருத்திதான் சாட்சி.