விடுபட்ட எண்

லியபாயா நகர டிராம் பணிமனையில்
தொலைந்த பொருள்களுக்கு ஓர் அறை உண்டு.
குடைகள், ஒற்றைக் கையுறைகள்,
ஒருமுறை, பல்செட்.
ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு தொங்கும்,
சீட்டில் ஓர் எண்.
எண்ணைத் தருவது என் நிரல்.

போன மாதம் இரண்டு கறுப்புக் கையுறைகள் வந்தன.
ஒரே அளவு, ஒரே தையல்.
ஜோடி என்று கட்டிவைத்தார் க்விடோ.
பிரித்துப் பார்த்தால்
இரண்டும் இடக்கை.
எல்லாப் பத்தியிலும் ஒத்துப்போனாலும்
இது அதுவல்ல.
சமம் வேறு, ஒன்று வேறு.
அதற்குத்தான் எண்.

உரியவர் வந்து வாங்கிப் போகட்டும்,
வராமல் ஏலத்தில் போகட்டும்,
கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுப்பதில்லை.
செத்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்போம்,
எண்ணை வைக்க மாட்டோம்.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தார் ஔஸ்மா க்ரோன்பெர்கா.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
வரி வரியாகத் திரையில் விரல் ஓட்டினார்.
40816: குடை, பச்சை.
40818: பள்ளிப் பை, உள்ளே பாதி ஆப்பிள்.
விரல் நின்றது.
"பதினேழு எங்கே?"

சொன்னேன்:
பதிவு தொடங்கியதுமே எண் வந்துவிடும்.
பாதியில் ரத்து செய்தால் எழுதியது அழியும்,
எண் மட்டும் திரும்பிப் போகாது.
கிழித்த டிக்கெட் புத்தகத்தில் ஒட்டுமா?

"புரிகிறது" என்றார்.
"ஆனால் ஒரு பொருள் இருந்திருக்கிறதே."

லாகைத் திறந்தேன்.
ஜனவரி ஒன்பது, மாலை நான்கு ஐம்பத்திரண்டு: தொடக்கம்.
பதினொரு நொடி.
ரத்து.
சர்வருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

க்விடோவைக் கூப்பிட்டோம்.
ஹெர்ரிங் மீன் மணக்க வந்து நின்றார்,
மோவாயைச் சொறிந்தார், கூரையைப் பார்த்தார்.
"ஆ, அந்தப் பனி நாள்!
வயலின் வில். பெட்டி இல்லை, வெறும் வில்.
முதல் எழுத்தை அடித்தேன்,
கதவு படாரென்று திறந்தது.
ஒரு பெண், தலையெல்லாம் பனி,
மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை,
கையை மட்டும் நீட்டினாள்.
கொடுத்துவிட்டேன்."
"கையெழுத்து?"
"எதில் போடுவது? பதிவே இல்லையே."

நாற்பதாயிரம் இழப்புகளை
நான் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறேன்.
நடுவில் இந்த ஓட்டை.
பிழை என்று நினைத்து
இரண்டு இரவு அடைக்கப் பார்த்தேன்,
அதை இப்போது சொல்லலாம்.

காரணம் என்ற கட்டத்தில்
ஔஸ்மா எதையோ தட்டினார், அழித்தார்,
மறுபடி தட்டினார்:
'பொருள் தொலையவில்லை.'
கோப்பை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மேசையில் அவர் பேனா.
நீல மூடி, நுனியில் பல் தடம்.
க்விடோவின் கை பழக்கத்தில் சீட்டுக்குப் போனது,
மற்றொரு கை விசைப்பலகைக்கு.
வெளியே டிராம் மணி.

"தொடாதீர்கள்!" என்று கத்திவிட்டு
கோட்டுகூடப் போடாமல்
ஓடினேன்.