பராமரிப்புக் கட்டணம்

கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே
ஊருக்குப் போய்விட்டது.
திங்கட்கிழமை ஷட்டரைத் தூக்கும்போது
பாலின்ரோப் ஊரில் பாதி
மழையில் நின்றது,
கையில் உறையோடு.

"அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று கும்பிட்டு
"மேலும் சிறப்பாகச் சேவை செய்ய" என்று நெளிந்து
இரண்டாம் பக்கத்தின் அடியில்
எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில்
விஷயத்துக்கு வருகிறது:
செப்டம்பர் முதல் நடப்புக் கணக்குக்கு
மாதம் ஆறு யூரோ.
மூவாயிரம் அசையாமல் கிடந்தால்
அதுவும் இல்லை.

எனக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்.
சொல்ல வேண்டியவை முன்பக்கம்,
சொல்லக் கூடாதவை பின்பக்கம்.
'மன்னிக்கவும்' பின்பக்கத்தில் இருந்தது.

மாலகி முதல் ஆள். ரப்பர் பூட்ஸில் சாணம்.
"என் மாட்டை உன் நிலத்தில் மேயவிட்டால்
வாடகை கேள், தருகிறேன்.
ஆனால் பாலை நீதானே கறக்கிறாய்?
நாற்பது வருஷம் கறந்துவிட்டு
இப்போது புல்லுக்கும் காசா?"
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
பாலைப் பற்றி ஒன்றும் இல்லை.

சுவர் பூசும் கஹலின் இருப்பு
பதினொரு யூரோ நாற்பது சென்ட்.
"இருக்கிறவனிடம் வாங்க மாட்டீர்கள்,
இல்லாதவனிடம் வாங்குவீர்கள்.
எந்தப் பள்ளிக்கூடத்துக் கணக்கு இது?"
வரிசை கைதட்டியது.
பத்துப் பேர் முன்னால் பேசிப் பழகாதவன்,
காது மடல்வரை சிவந்து
வந்த வேலையை மறந்து போய்விட்டான்.

இறைச்சித் தொழிற்சாலை ஜுராந்திர் மட்டும் சிரித்தான்:
"பிரேசிலில் இதெல்லாம் எப்போதோ பார்த்தாயிற்று.
இங்கே இலவசம் என்றபோதே
எனக்குச் சந்தேகம்."
அவனோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

சலூன் வைத்திருக்கும் அசம்ப்டா
எல்லாவற்றையும் எடுத்தாள், ஒரு சென்ட் விடாமல்,
ஐந்து யூரோத் தாள்களாக.
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினாள்.
"இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்."
மூன்றரை மணிக்கு மிதித்தாள்.
வீட்டுக்குத் தம்பி வந்திருக்கிறானாம்.

என் கணக்கிலிருந்தும் போகும் ஆறு.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
பின்பக்கத்தில் கடைசி வரி அது.

மூடப் பத்து நிமிஷம் இருக்கையில் டிம்ஃப்னா வந்தார்.
"ஃபெர்கல், இது ஈமனுக்கும் உண்டா?"

ஈமன் ஓ'டே. எண் எனக்கு மனப்பாடம்.
இருப்பு நான்கு யூரோ பன்னிரண்டு சென்ட்.
படகுக் கழகத்துக்கு எப்போதோ ஒரு முறை
இரண்டு யூரோ போகும், அவர் எழுதிக்கொடுத்தபடி.
அவர் போய் மூன்றாவது மார்ச் கடந்துவிட்டது.

"உண்டு," என்றேன்.
"அப்படியானால் செப்டம்பரில் அவர்..."
"கடனில் இருப்பார்."
"வாழ்நாளில் ஒரு பைசா கடன் வைத்ததில்லை அவர்."

கைப்பையைத் திறந்தார்.
மடித்து மடித்து மடிப்பில் கிழியத் தொடங்கிய
அந்த இறப்புச் சான்றிதழ் எனக்குத் தெரியும்.
ஒவ்வொரு முறையும் கவுண்டர்வரை வரும்,
கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டு
திரும்பிப் போகும்.
இன்று பாதி வெளியே வந்தது.
நான் பேனாவைத் தேடுவது போல் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது
கவுண்டரில் நாணயங்கள்.
பன்னிரண்டு யூரோ, இரண்டிரண்டாக அடுக்கி.
"கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம்," என்றார்.
செப்டம்பர், அக்டோபர்.
நவம்பரைக் கணக்கில் விட்டுவிட்டார்,
நானும் சுட்டிக்காட்டவில்லை.

செலுத்துபவர் என்ற கட்டத்தில்
'மனைவி' என்று எழுதினேன்.
படிவம் பெயரைத்தான் கேட்டது.

"மன்னிக்கவும்," என்றேன்.
அவர் ஏற்கெனவே
குடையை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தார்.